விபத்து இழப்பீட்டு வழக்கு: பணம் கைக்கு வரும் வரை நான் பட்டது

எனக்குத் தீர்ப்பான தொகை 11,03,400 ரூபாய், வட்டி தனி. அதே காயத்துக்கு, கிட்டத்தட்ட அதே காகிதங்களை வைத்துக்கொண்டு, என் முதல் வக்கீல் "நாலு லட்சத்துக்கு முடிச்சுக்கலாம்மா, இதுக்கு மேல ஒரு பைசா வராது" என்றார். அதிலும் முப்பது சதவீதம் அவருக்கு. விபத்தில் இருந்து பணம் கைக்கு வரும் வரை மூன்று வருடத்துக்கு மேல் ஓடிப்போனது. அந்தக் காலத்தில் எனக்கு வழி சொல்ல ஆள் இல்லை. சொன்னவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் வக்கீல் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு சாலை விபத்து வழக்கை, அடிபட்டவள் பக்கத்தில் இருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

திருப்பூர் மாவட்டத்தில் வீட்டோடு சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், முகூர்த்த நாட்களில் ஆரி வேலை. 2022 ஆகஸ்டில், நூலும் லைனிங் துணியும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் திரும்பும்போது, சந்திலிருந்து வேகமாக வெளியே வந்த கார் பக்கவாட்டில் இடித்தது. விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கியது. பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். அப்போது எனக்கு 34 வயது. தையல்காரிக்கு வலது கை போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைத்தேன். நீதிமன்றத்தில் அதைத்தான் அதிகம் விளக்க வேண்டியிருந்தது.

வழக்கின் முதல் முடிச்சு நான் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோதே விழுந்துவிட்டது. என்னை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோன பையன் நல்லவன், ஆனால் அவன் மோதலைப் பார்க்கவில்லை. டியூட்டி டாக்டர் கேட்டதற்கு "வண்டில இருந்து விழுந்துட்டாங்க" என்றிருக்கிறான். விபத்துப் பதிவேட்டில் "இருசக்கர வாகனத்தில் இருந்து சறுக்கி விழுந்ததாக" என்று ஏறிவிட்டது. இதைத்தான் ஏ.ஆர். காப்பி என்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் தேடுவது இந்த ஒரு தாளைத்தான். தானாக விழுந்தவருக்கு எதிர் வண்டியின் இன்சூரன்ஸ் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்பார். அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது விபத்து என்றால், கூடப் போகிறவர் டாக்டரிடம் "இந்த மாதிரி கார் இடித்தது, இன்ன இடம், இன்ன நேரம்" என்று சொல்ல வேண்டும். வண்டி எண் தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், அவசரப் பிரிவில் யார் பொறுமையாக வாசிப்பார்கள் என்று தோன்றும். பரவாயில்லை, கேளுங்கள்.

இன்னொன்றும் அங்கேயே தெரிந்திருக்க வேண்டியது. தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் இருந்து இருக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் ஒரு வரம்பு வரை காசு கட்ட வேண்டியதில்லை. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. என் கணவர் நகையை அடகு வைத்து ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டினார். மொத்தச் செலவு 1,90,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. பின்னால் நீதிமன்றத்தில் பில்லோடு நிரூபிக்க முடிந்தது 1,42,000 மட்டும். மீதி எல்லாம் மருந்துக் கடையில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது, பிசியோதெரபிக்குப் போன ஆட்டோ, வீட்டு வேலைக்கு வைத்த அக்காவின் சம்பளம். எந்தக் காசு கொடுத்தாலும் பெயர், தேதியோடு ரசீது வாங்குங்கள். மருந்துக் கடை தெர்மல் பில்லில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். அன்றன்றே ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததுமே ஒருவர் பழத்தோடு வந்தார். சொந்தக்காரர் யாரோ என்றுதான் நினைத்தேன். "அக்கா, ஒண்ணும் கவலைப்படாதீங்க, எங்க சார் எல்லாம் பார்த்துக்குவார், நீங்க ஒரு ரூபாய் செலவு பண்ண வேண்டாம், பணம் வந்தப்புறம் கொடுத்தா போதும்" என்றார். எஃப்.ஐ.ஆரே அப்போது போட்டிருக்கவில்லை, ஆனால் அவருக்கு கார் எண் வரைக்கும் தெரிந்திருந்தது. வலது கையில் கட்டு. கையெழுத்துப் போட முடியாது. அவர் பையில் இருந்து மைப் பெட்டியை எடுத்து, என் இடது கட்டை விரலைப் பிடித்து வக்காலத்திலும் இன்னும் சில வெற்றுத் தாள்களிலும் உருட்டினார். நான் பி.காம். முடித்தவள். அந்த மை ஒட்டிய விரலைப் போர்வையில் துடைத்தபோது வந்த அழுகைக்கு அடிபட்ட வலி காரணம் இல்லை. என் கணவரிடம் தொகை எழுதாத இரண்டு செக் வாங்கிக்கொண்டார்கள். கேட்டதற்கு "எல்லாருகிட்டயும் வாங்கறதுதாங்க, ஒரு நம்பிக்கைக்கு" என்றார்.

கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு பேசுவதும், ஜெயித்தால்தான் கட்டணம் என்று பேசுவதும் இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வக்கீல்கள் செய்யக் கூடாதது. எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. நடைமுறையில் ஊருக்கு ஊர் பர்சன்டேஜ்தான் ஓடுகிறது, அதை மறைக்க என்ன இருக்கிறது. எல்லாரையும் ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன். கையில் காசில்லாதவர் வழக்கைத் தன் செலவில் நடத்திக் கொடுக்கும் வக்கீல்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஆள் அனுப்பி வழக்குப் பிடிக்கும் ஒருவரிடம் உங்கள் வழக்கு பல நூறில் ஒன்று. வெற்றுத் தாளும் செக்கும் கேட்டால் எழுந்து வெளியே அனுப்புங்கள். வக்கீலைப் பிடிக்க அவசரமே இல்லை, கட்டுப் பிரித்த பிறகுகூடப் போகலாம்.

ஆனால் மாதக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. 2022 ஏப்ரல் 1க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் கெடு வந்துவிட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போய், கெடு தாண்டியது என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அதை நம்பிக்கொண்டு இருக்காமல் ஆறு மாதம் என்றே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊர் நீதிமன்றத்திலும் போடலாம். வெளியூரில் அடிபட்டவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

போலீஸ் பக்கம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்க்காரர் தரப்பில் இருபதாயிரம் தருகிறோம், கேஸ் வேண்டாம் என்றார்கள். ஸ்டேஷனிலும் "பேசி முடிச்சுக்கங்க" என்ற தொனிதான். என் கணவர் பிடிவாதமாக நின்றதால் எஃப்.ஐ.ஆர். பதிவானது, சில நாள் தாமதமாக. சாலை விபத்தில் எஃப்.ஐ.ஆர்., இடத்தின் வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் கொடுக்கும் எம்.வி.ஐ. ரிப்போர்ட், குற்றப் பத்திரிகை, இந்த நான்கையும் வாங்கி வைக்க வேண்டும். எஃப்.ஐ.ஆரைத் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். எம்.பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். என்னைக் காப்பாற்றியது இன்னொரு தாள். கார் ஓட்டியவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வைத்திருந்ததால், ஏ.ஆர். காப்பியில் இருந்த "சறுக்கி விழுந்த" கதைக்குப் பதில் சொல்ல முடிந்தது. எம்.வி.ஐ. ரிப்போர்ட்டில் காரின் முன் பம்பர் இடது பக்கம் நசுங்கியதாக இருந்ததும் கை கொடுத்தது. கிரிமினல் வழக்கு அபராதத்தோடு முடிந்துவிட்டதே என்று விடாதீர்கள், அந்த நகல்தான் உங்களுக்குச் சாட்சி.

2023 ஜனவரியில் மனுத் தாக்கலானது. அதன் பிறகு அமைதி. போன் செய்தால் குமாஸ்தா எடுப்பார், "வாய்தா போட்டிருக்குங்க" என்பார். எதற்கு வாய்தா, அடுத்து என்ன, ஒன்றும் தெரியாது. அந்த வருடம் மாற்றுத்திறன் சான்றிதழ் விஷயம் வந்தது. குமாஸ்தா ஒரு தனியார் டாக்டர் பெயரைச் சொல்லி, "அவர் அம்பது பர்சன்ட் போட்டுத் தருவார், பீஸ் மட்டும் கொடுத்திடுங்க" என்றார். எனக்குச் சிகிச்சையே செய்யாதவர் எப்படி ஐம்பது என்று முன்கூட்டியே சொல்கிறார் என்று கேட்டேன். பதில் இல்லை. கடைசியில் இன்சூரன்ஸ் தரப்பு ஆட்சேபித்து, நீதிமன்றம் அரசு மருத்துவமனையின் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பியது. போர்டு 35 சதவீதம் கொடுத்தது. குறைவாக இருந்தாலும் போர்டு சான்றிதழுக்கு மரியாதை உண்டு. விலைக்கு வாங்கிய ஐம்பதை நீதிபதி பாதியாக வெட்டுவார், கூடவே உங்கள் மற்ற காகிதங்கள் மேலும் சந்தேகம் விழும். போர்டுக்குப் போகும்போது எல்லா எக்ஸ்ரேயையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், அதில் எதைச் செய்ய முடியவில்லை என்று வாய் திறந்து சொல்லுங்கள். "பரவாயில்லைங்க, இப்போ கொஞ்சம் தேவலை" என்று நம் வழக்கப்படி சொல்லிவிடாதீர்கள்.

டிசம்பரில், இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றம் வந்தது. அப்போதுதான் அந்த நாலு லட்சம். எப்படிக் கணக்குப் போட்டீர்கள் சார் என்று கேட்டேன். "இந்தக் காயத்துக்கு ரேட் அதுதான்மா." மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் பணம் சீக்கிரம் வரும், கட்டிய கோர்ட் பீஸ் திரும்ப வரும், இதெல்லாம் உண்மை. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. விபத்து வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு என்றால் 90 நாளைக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். இந்த வித்தியாசத்தை அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டில் அடகு வட்டி ஏறிக்கொண்டிருந்தது, மாமியார் "வர்றதை வாங்கிக்கோ கண்ணு" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதிலிருந்து அந்த ஆபீஸில் என் போனை எடுப்பதே நின்றுவிட்டது.

வழக்கின் நிலையைப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் செயலியை எனக்குக் காட்டியது பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண் போட்டால் போதும் என்றாள். என்னிடம் அந்த எண்ணே இல்லை. மனுதாரர் பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடி அவளே கண்டுபிடித்தாள். திரையில் வழக்கு முடிந்துவிட்டது என்றிருந்தது. மனுதாரர் தரப்பில் யாரும் ஆஜராகாததால் தள்ளுபடி. நீதிமன்றத்தில் இதை டிஸ்மிஸ் ஃபார் டீஃபால்ட் என்கிறார்கள். தள்ளுபடியாகிப் பல வாரம் ஆகியிருந்தது. நேரில் போய்க் கேட்டதற்கு வக்கீல், "அதெல்லாம் ரெஸ்டோர் பண்ணிக்கலாம், நீங்க நாலு லட்சத்துக்குச் சரின்னு சொல்லியிருந்தா இந்நேரம் பணம் வந்திருக்கும்" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கணவரிடம் போனில் கத்தினேன், பாவம் அவர் என்ன செய்வார்.

தள்ளுபடியான வழக்கை உயிர்ப்பிக்க முப்பது நாளைக்குள் மனுப் போட வேண்டும். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. இதில் ஒளிந்திருக்கும் நஷ்டம் வட்டி. வழக்கு கிடப்பில் கிடந்த காலத்துக்கு வட்டி கேட்க மாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் திரும்ப எடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான். ஏறக்குறைய எட்டு மாதம், ஏழரை சதவீத வட்டி, என் தீர்ப்புத் தொகைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 55,000 ரூபாய். வக்கீல் வராததற்கு நான் கட்டியது. செயலியை வாரம் ஒருமுறை திறந்து பார்த்தால் இது நடக்காது. மனுத் தாக்கலான அன்றே எம்.சி.ஓ.பி. எண் எனப்படும் விபத்து வழக்கு எண்ணையும் சி.என்.ஆர். எண்ணையும் வாங்கி எழுதி வையுங்கள், எண் தர முடியாது என்று சொல்லும் வக்கீலிடம் அடுத்த பேச்சே வேண்டாம்.

வக்கீலை மாற்றுவது என்றால் முந்தையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். அவர் முப்பது சதவீதத்தை இப்போதே கட்டு என்றார், இல்லையென்றால் வழக்குக் காகிதக் கட்டைத் தர மாட்டாராம். நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, இத்தனை நாள் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். அங்கே இருந்த மேடம் அமைதியாகக் கேட்டுவிட்டு, கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டை வக்கீல் பிடித்து வைக்க முடியாது என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றார். பாக்கி இருந்தால் அதற்கு அவர் தனியாக வழிபார்க்க வேண்டும். ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர மறுத்தால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், கட்டு வந்து சேர்ந்தது. பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள், உதவி எண் 15100. எனக்கு அதற்குள் வேறு ஏற்பாடு ஆகிவிட்டது. என்னிடம் பிளவுஸ் தைக்கும் ஒரு அக்கா நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட், அவர் சொன்ன வக்கீலிடம் போனோம். மொத்தக் கட்டணம் 60,000, எப்போது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முப்பது சதவீதம் என்றிருந்தால் மூன்று லட்சத்துக்கு மேல் போயிருக்கும்.

புது வக்கீல் முதல் நாளே ஒரு வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அன்றைக்குத்தான் நாலு லட்சத்தின் ரகசியம் புரிந்தது. நிரந்தரக் குறைபாட்டுக்குத் தொகை போட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று பெருக்குவது. 5,000 என்று வைத்தால் 35 சதவீதத்துக்கு 1,75,000. அதோடு மருந்துச் செலவு, வலி, வேதனை எல்லாம் சேர்த்தால் நாலு லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இன்னொன்று, அந்தக் காயத்தால் தொழிலில் எவ்வளவு வருமானம் போனது என்று பார்த்து, வயதுக்கேற்ற பெருக்கி எண்ணால் பெருக்குவது. 31 முதல் 35 வயது வரை பெருக்கி 16. நாற்பது வயதுக்குக் குறைந்த சுயதொழில்காரருக்கு வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறவருக்கு மணிக்கட்டு போனால் சம்பளம் அப்படியே வரும், அவருக்கு முதல் வழி போதும். தையல்காரிக்கு அப்படி இல்லை. உடலில் எத்தனை சதவீதம் என்பது வேறு, பிழைப்பில் எத்தனை சதவீதம் என்பது வேறு என்று 2010-லேயே ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் வழக்கின் மொத்தக் கனமும் இங்கேதான் இருந்தது. முதல் வக்கீல் என் தொழிலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

தொழிலை நிரூபிப்பது லேசில்லை. வரி கட்டியதில்லை, சம்பளச் சான்றிதழ் கிடையாது. அளவு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன, ஒவ்வொரு பக்கத்திலும் வாடிக்கையாளர் பெயர், தோள், கை, இடுப்பு அளவு, கூலி, கொடுத்த தேதி. அதுவே பெரிய சாட்சியானது. விபத்துக்கு முந்தைய ஒரு வருட வங்கிக் கணக்கு அறிக்கையில் ஜிபே மூலம் வந்த சின்னச் சின்னத் தொகைகள், நூல் கடை பில்கள். மாதம் 20,000 என்று கேட்டோம், நீதிமன்றம் 12,000 என்றுதான் எடுத்துக்கொண்டது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசமாகச் செய்யக்கூடியது, அது ஒன்று இருந்திருந்தால் இன்னும் கூடியிருக்கும் என்றார் வக்கீல். வீட்டோடு தொழில் செய்யும் பெண்கள், விபத்து கிபத்து என்று யோசிக்காவிட்டாலும், இதைச் செய்து வையுங்கள்.

குறுக்கு விசாரணை நாள் மறக்காது. இன்சூரன்ஸ் வக்கீல் ஹெல்மெட், லைசென்ஸ் எல்லாம் கேட்டார். அடிபட்டது கையில், தலையில் இல்லை, இருந்தாலும் கேட்பார்கள். பிறகு என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்து எடுத்த பிளவுஸ் படங்களை நீட்டினார். "இதெல்லாம் நீங்க தைச்சதுதானே? கை நல்லாத்தானே இருக்கு?" விபத்துக்குப் பிறகு ஒரு பெண்ணைக் கூலிக்கு வைத்துத் தைக்க வைத்தேன், வெட்டுவதும் அவள்தான். கூலி கொடுத்த கணக்கு நோட்டில் இருந்ததால் தப்பித்தேன். கம்பெனி ஆள் வாடிக்கையாளர் மாதிரி கடைக்கே வந்து பார்ப்பதும் உண்டாம். வழக்கு நடக்கும்போது படம் போடுவதை நிறுத்துங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள். அதன் பிறகு நீதிபதி கையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பினால் என் கை முக்கால்வாசியில் நின்றுவிடும். கடையில் மீதிச் சில்லறையை வலது கையில் ஏந்த முடியாது, இடது கையை நீட்டினால் கடைக்காரர் முறைக்கிறார் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரைச் சாட்சியாக அழைத்தோம். பெரிய கத்திரியைப் பிடித்து இரண்டு மடிப்புத் துணியை வெட்ட இந்தக் கையால் முடியாது, ஆரி ஊசியைச் சுழற்ற முடியாது என்று அவர் சொன்ன இரண்டு வாக்கியம்தான் தீர்ப்பில் அப்படியே வந்தது. டாக்டர் வருகைக்குக் கட்டணம் கட்ட வேண்டும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

2025-இல் தீர்ப்பு வந்தது. பிழைப்பில் 25 சதவீத இழப்பு என்று எடுத்தார்கள். 12,000-க்கு 40 சதவீதம் கூட்டி 16,800, அதைப் பன்னிரண்டு மாதம், பதினாறு, 25 சதவீதம் என்று பெருக்கினால் 8,06,400. மருத்துவச் செலவு 1,42,000. வேலை செய்ய முடியாத ஐந்து மாதத்துக்கு 60,000. வலி வேதனைக்கு 40,000, உதவியாள், சத்துணவு, போக்குவரத்துக்கு 30,000, வாழ்க்கை வசதி இழப்புக்கு 25,000. வலிக்கு நாற்பதாயிரம் என்று படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கூட்டிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். கம்பெனி அப்பீல் போகவில்லை.

தீர்ப்பு வந்த மறுநாள் பணம் வந்துவிடாது. கம்பெனி நீதிமன்றக் கணக்கில் கட்ட வேண்டும், நாம் பணம் கேட்டுத் தனி மனுப் போட வேண்டும். பணத்தை உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லியிருக்கிறது, எனக்கும் நேராகத்தான் வந்தது. யாராவது "எங்க கணக்குல வாங்கித் தர்றோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாஸ்புக், ஆதார், எஃப்.ஐ.ஆர். மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். எனக்கு ஒன்றில் அப்பா இனிஷியல், ஒன்றில் கணவர் பெயர், அதற்கொரு பிரமாணப் பத்திரம், சில வாரம். அப்போதைய விதிப்படி, பான் எண் கொடுக்காவிட்டால் வட்டியில் 20 சதவீதம் வரி பிடிப்பார்கள் என்றார்கள், அதையும் சேர்த்துக் கொடுத்தேன்.

பணம் ஏறிய செய்தி எப்படிப் போனதோ, பழைய ஆபீஸ் குமாஸ்தா போன் செய்தார். "செக் எங்ககிட்டதான் இருக்குங்க, பார்த்துக்கங்க." புது வக்கீல் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். ஒரு செக் திரும்பி வந்தது, இன்னொன்று காணவில்லை என்கிறார்கள். அந்த எண்ணைக் குறிப்பிட்டு வங்கியில் ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுத்துவிட்டோம். ஒப்புகைச் சீட்டு வாங்கி, தீர்ப்பு நகலோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார் என் கணவர்.